வேலிக்குள் வந்த பேஸ்போல்

சென்ற இதழில், அமெரிக்காவின் புரூக்ளினில் 1862இல் திறக்கப்பட்ட யூனியன் கிரவுண்ட்ஸ்தான் பேஸ்போலுக்கென்றே சுற்றிவர வேலி அடைத்த முதல் மைதானம் என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எமது விளையாட்டுப் பகுதியினர் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: அதற்கு முன் உலகில் யாருமே மைதானத்தை அடைத்து டிக்கெட் விற்கவில்லையா? 1862இல் அப்படி என்ன புதுமை? (கல்முனை வாசகர்)

பதில்: விற்றார்கள். கிரிக்கெட்டில் அது பழைய கதை. லண்டனில் தோமஸ் லோர்ட் தமது முதலாவது மைதானத்தை 1787இல் திறந்தபோதே வேலி போட்டுக் காசு வாங்கினார். பேஸ்போலிலும் 1858இல், நியூயோர்க் அணிக்கும் புரூக்ளின் அணிக்கும் நடந்த ஆட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இருந்தது. ஆனால் அவை நடந்தது குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில். அங்கே வேலி முன்னரே இருந்தது, பேஸ்போல் அதை இரவல் வாங்கியது, அவ்வளவுதான்.

அக்காலத்துக் கழகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புதுமை விளங்கும். உறுப்பினர்கள் சந்தா கட்டி, சீருடை தைத்து, பந்து வாங்கி, தங்களுக்குள் விளையாடினார்கள். வேறு கழகம் வந்தால் ஆட்டம் முடிந்ததும் விருந்து. நியூயோர்க் ஆட்கள் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து ஹொபோக்கனில் இருந்த எலீசியன் ஃபீல்ட்ஸ் என்ற புல்வெளிக்குப் போய் விளையாடுவது வழக்கம். பார்ப்பவர் யாரும் காசு கொடுப்பதில்லை, கேட்பாரும் இல்லை.

வில்லியம் கெமேயர் ஒரு வியாபாரி. புரூக்ளினின் வில்லியம்ஸ்பேர்க் பகுதியில் ஏறத்தாழ 6 ஏக்கர் நிலத்தில் குளிர்காலப் பனிச்சறுக்குக் குளம் ஒன்றை நடத்திவந்தார். பனி உருகியதும் நிலம் சும்மா கிடக்கும். 1862 வசந்தத்தில் நீரை வடித்து, தரையை மட்டப்படுத்தி, ஆறேழு அடி உயரப் பலகை வேலி அடைத்து, ஏறத்தாழ 1,500 பேருக்கு வாங்கு போட்டு, கழகங்களுக்கு ஓர் அறையும் கட்டினார். மே 15இல் திறப்பு. வாத்தியக் குழு ‘ஸ்டார் ஸ்பாங்கிள்ட் பெனர்’ வாசித்தது. அது அமெரிக்காவின் தேசிய கீதமானது 1931இல்தான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் அந்தப் பாட்டுக்கு அன்று ஒரு வேகம் இருந்தது.

எக்ஃபோர்ட், புட்னம், கொன்ஸ்டலேஷன் ஆகிய மூன்று கழகங்களுக்கும் மைதானம் இலவசம். பார்க்க வருபவருக்கு 10 சதம். வசூல் முழுக்கக் கெமேயருக்கு. விளையாடுபவர் செலவழிப்பதும் பார்ப்பவர் சும்மா பார்ப்பதுமாக இருந்த ஒழுங்கை அவர் தலைகீழாக்கினார். புதுமை அதுதான். பெண்கள் காலிகளின் தொல்லையில்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதையும் திறக்கும்போதே பெரிதாகச் சொன்னார்கள். உண்மையில் வேலிக்கு வெளியே இருந்த மண்மேடுகளில் நின்று ஓசியில் பார்த்தவர்களும் ஏராளம். ஆறடி வேலியால் மேட்டில் நிற்பவனை மறைக்க முடியாது.

கேள்வி: குளத்தை வடித்து மைதானமாக்கினார் என்றால், பின்பு தண்ணீர் நிற்கவில்லையா? எங்கள் கழக மைதானத்தைச் சுற்றிப் போன வருடம் மதில் கட்டினோம். மார்கழியில் உள்ளே முழங்கால் தண்ணீர். (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: கெமேயருக்குத் தண்ணீர் நிற்பதே பிழைப்பு. குளிர்காலத்தில் மறுபடியும் நீர் நிரப்பி உறையவிட்டு, சறுக்குபவர்களிடம் கட்டணம் வாங்கினார். ஒரே பள்ளம், இரண்டு பருவம், இரண்டு வருமானம். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மதிலே அணையாகிவிட்டது. முன்பு நாலாபக்கமும் பரவி ஓடிய மழைநீருக்கு இப்போது வழியில்லை. முதலில் மதிலின் அடியில், தரை மட்டத்தோடு, இரண்டு மூன்று மீற்றருக்கு ஒன்றாக 4 அங்குலக் குழாய்த் துண்டுகளைப் பதியுங்கள். உட்பக்க வாயில் கம்பிவலை கட்டாவிட்டால் புல்லும் பொலித்தீனும் அடைத்துவிடும். ஆனால் துளை போட்டுவிட்டு வெளியே வடிகான் இல்லையென்றால் அயலவர் வளவுக்குத்தான் தண்ணீர் போகும், வழக்கும் வரும். மதிலுக்கு உட்புறமாகச் சுற்றிவர ஒரு வடிகான் வெட்டி, அதைப் பிரதேச சபையின் வடிகானோடு சேர்ப்பதே சரி.

தரைக்கு நடுவிலிருந்து ஓரம் நோக்கி 100க்கு 1 சரிவு போதும். அதாவது 50 மீற்றருக்கு அரை மீற்றர் இறக்கம். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும், தண்ணீருக்குத் தெரியும். களப்போரமும் கடலோரமும் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அந்த வாரங்களில் எந்த வடிகானும் மைதானத்தைக் காயவைக்காது. அப்போது ரோலர் போடாதீர்கள். ஈர மண் இறுகினால் அடுத்த மழைக்கு ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. பள்ளத்தை நிரப்பக் கிறவல் கொட்டுவதும் இங்கே வழக்கம். விழுந்து பிடிக்கிற விளையாட்டுக்கு அது முழங்கையை உரித்துவிடும். மேலே நான்கு அங்குலமாவது மணல் கலந்த செம்மண் வேண்டும்.

கேள்வி: வேலி வந்ததால் ஆட்டத்தில் என்ன மாறியது? வசூலைத் தவிர. (கல்லடி வாசகர்)

பதில்: வசூலைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வாசலில் சேரும் காசைக் கண்ணால் கண்ட கழகங்கள், எங்களைப் பார்க்கத்தானே சனம் வருகிறது என்று பங்கு கேட்டன. பங்கு வந்ததும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு மறைவாகக் கொடுத்த பணம் கூடியது. 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டொக்கிங்ஸ் அணி எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்தது. அதன் தலைவர் ஹரி ரைட் இங்கிலாந்தில் பிறந்தவர், அதற்கு முன் சம்பளத்துக்குக் கிரிக்கெட் விளையாடியவர்.

1864இல் அதே புரூக்ளினில் கப்பிட்டலைன் கிரவுண்ட்ஸ் என்ற இரண்டாவது அடைப்பு மைதானம் வந்தது. அதுவும் குளிர்காலத்தில் சறுக்குக் குளம். அதன் வலது வெளிக்களத்தில் செங்கல்லால் கட்டிய வட்ட வடிவக் கழிப்பறை ஒன்று நின்றது. அதற்கு மேலால் பந்தை அடித்தவருக்கு ஒரு போத்தல் ஷம்பேன் பரிசு! யூனியன் கிரவுண்ட்ஸிலும் ஆடுகளத்துக்குள்ளேயே பகோடா மாதிரியான ஒரு கட்டடம் இருந்தது. வேலிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற ஒழுங்கு அப்போது இல்லை.

சின்சினாட்டியின் நெடுந்தொடர் வெற்றி முறிந்தது 1870 ஜூன் 14இல், இந்தக் கப்பிட்டலைனில்தான். கட்டணம் 50 சதம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5–5. புரூக்ளினின் அட்லாண்டிக்ஸ் கழகம் சமநிலையோடு திருப்திப்பட்டு வெளியேறப் பார்த்தது. ஹரி ரைட் சம்மதிக்கவில்லை. 11ஆவது இன்னிங்ஸில் சின்சினாட்டி 2 ஓட்டம், அட்லாண்டிக்ஸ் 3. முடிவு 8–7. அந்தக் கடைசி இன்னிங்ஸில் கூட்டத்தின் பக்கம் ஓடிய பந்தை எடுக்கப்போன சின்சினாட்டி ஆட்டக்காரர் கல் மக்வே மேல் ரசிகர் ஒருவர் பாய்ந்து ஏறினார் என்பது புகழ்பெற்ற செய்தி. வெளி வேலி காசைக் காப்பாற்றும், ஆட்டத்தைக் காப்பாற்ற உள்ளே இன்னொரு கயிறு வேண்டும்.

வேலி ஆட்ட விதிக்குள்ளும் நுழைந்தது. சிக்காகோ அணியின் மைதானத்தில் இடப்பக்க வேலி வெறும் 180 அடியில் இருந்தது. 1883 வரை அங்கே வேலியைத் தாண்டிய அடிக்கு இரண்டு பேஸ் (ஓடுபவர் சுற்றிவந்து தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டு) மட்டும். 1884இல் அதை ஹோம் ரன், அதாவது நான்கு பேஸையும் சுற்றிவந்து ஓட்டம் எடுக்கும் அடி, என்று மாற்றினார்கள். முந்திய பருவத்தில் 2 ஹோம் ரன் அடித்திருந்த நெட் வில்லியம்சன் அந்தப் பருவத்தில் 27 அடித்தார். அவற்றில் 25 சொந்த மைதானத்தில். அந்தச் சாதனையை முறியடிக்க 1919இல் பேப் ரூத் வரவேண்டியிருந்தது. வில்லியம்சனின் அந்த 1884 பருவத்துக்குப் பிறகுதான் வேலிக்குக் குறைந்தபட்சத் தூரம் விதியில் ஏறியது: முதலில் 210 அடி, 1892இல் 235 அடி. குறுகிய மைதானத்தில் சுற்றுப்போட்டி வைத்துவிட்டு ஆறு ஓட்டக் கணக்கைப் பார்த்துப் பெருமைப்படும் கழகங்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

யூனியன் கிரவுண்ட்ஸின் மீதிக் கதை சுருக்கமானது. 1868இல் நியூயோர்க் மியூச்சுவல்ஸ் அங்கே குடியேறியது. 1876இல் தொழில்முறைக் கழகங்களின் நெஷனல் லீக் தொடங்கியபோது அந்தக் கழகத்தைக் கெமேயரே நடத்தினார். பருவ முடிவில் மேற்கு நகரங்களுக்குப் போக வேண்டிய பயணத்தை, செலவுக்குக் கட்டாது என்று கைவிட்டதால் லீக் அவர்களை வெளியேற்றியது. 1877இல் ஹார்ட்ஃபோர்ட் அணி அங்கே ஆடியது. 1883இல் மைதானமே இடிக்கப்பட்டது.

கேள்வி: டிக்கெட்டும் காசும் வந்ததால்தானே சூதாட்டமும் வந்தது? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: இல்லை. பேஸ்போலில் அம்பலமான முதல் பெரிய ஆட்ட நிர்ணயம் 1865 செப்டெம்பரில், வேலியே இல்லாத ஹொபோக்கனில் நடந்தது. மியூச்சுவல்ஸ் 11–23 என்று எக்ஃபோர்ட்டிடம் தோற்றது. பிடிப்பாளர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) வான்ஸ்லி 100 டொலர் வாங்கிச் சக ஆட்டக்காரர் இருவருக்கும் பங்கு கொடுத்தது வெளிவந்தது. மூவரும் தடை செய்யப்பட்டார்கள், சில ஆண்டுகளில் மூவரும் திரும்பவும் சேர்க்கப்பட்டார்கள். வேலி சூதாடிகளைத் தடுக்கவுமில்லை. அவர்களும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள். 1877இல் லூயிவில் அணியின் நால்வரை ஆயுள் தடை செய்து, இம்முறை தடையை நீக்காமல் விட்டதுதான் கொஞ்சம் பயத்தைக் கொடுத்தது.

கேள்வி: எங்கள் பாடசாலை மைதானத்தில் பேஸ்போல் களம் கீற முடியுமா? அளவுகளை முறையாகச் சொல்லுங்கள். (காரைதீவு, உடற்கல்வி ஆசிரியை ஒருவர்)

பதில்: முடியும். நல்ல நீள நாடா இரண்டு, ஆணி நான்கு, மூன்று பேர் போதும். முதலில் திசை. அடிப்பவர் நிற்கும் ஹோம் பேஸிலிருந்து பந்து வீசுபவரை நோக்கிய கோடு கிழக்கு–வடகிழக்காக இருக்க வேண்டும். பின்னேர வெயில் அடிப்பவரின் முதுகுக்குப் போய்விடும். வெளிக்களத்தில் நிற்பவர்களுக்குக் கண் கூசும்தான். ஆனால் கிட்ட நின்று வேகப் பந்தைச் சந்திப்பவருக்குக் கூசுவதைவிட அது பரவாயில்லை.

ஹோம் பேஸின் பின் நுனியில் ஓர் ஆணி அடியுங்கள். அதிலிருந்து அந்தத் திசையில் 38.80 மீற்றர் அளந்து இரண்டாம் பேஸுக்கு ஆணி. இப்போது ஒரு நாடாவை ஹோமிலும் மற்றதை இரண்டாம் பேஸிலும் பிடித்து, இரண்டிலும் 27.43 மீற்றர் (90 அடி) சந்திக்கும் இடத்தை வலப்பக்கம் குறித்தால் முதலாம் பேஸ். இடப்பக்கம் மூன்றாம் பேஸ். கடைசியில் முதலாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அதுவும் 38.80 வர வேண்டும். பந்து வீசும் பலகையின் முன் விளிம்பு ஹோமின் பின் நுனியிலிருந்து 18.44 மீற்றர். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு பேஸ் தூரம் 18.29, மூலைக்கு மூலை 25.86, பந்து வீசும் தூரம் 14.02 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்கும் இடங்கள் சில. நைலோன் கயிற்றால் அளந்தால் இழுக்கிற ஆளைப் பொறுத்து நீளம் மாறும். பந்து வீசும் இடம் சதுரத்தின் நட்ட நடு என்று நினைத்து 19.40இல் வைப்பவர்கள் உண்டு. அது கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தள்ளிப்போகிறது. ஹோம் பேஸின் முன் விளிம்பிலிருந்து அளப்பது இன்னொன்று, அதில் 43 சென்ரிமீற்றர் பிசகும். முதலாம், மூன்றாம் பேஸ் பைகள் கோட்டுக்கு உள்ளே முழுதாக இருக்க வேண்டும், கோட்டின் மேல் குந்தக்கூடாது.

பேஸுக்குக் கல்லோ கொங்கிரீட்டோ வைக்காதீர்கள், கணுக்கால் போகும். 38 சென்ரிமீற்றர் சதுரத்தில் தடித்த கன்வஸ் பை தைத்து மரத்தூள் நிரப்பி, வாரால் கட்டி, தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிய முளையில் கொழுவுங்கள். பந்து வீசுபவருக்கு 25 சென்ரிமீற்றர் மேடு விதியில் உண்டு. கிரிக்கெட்டுக்கும் அதே மைதானம் என்றால் மேட்டை விட்டுவிடலாம். 1862இல் மேடு இருக்கவில்லை. அன்று 45 அடியிலிருந்து, கையைத் தாழ்த்தி, அடிக்கத்தக்க மாதிரித்தான் பந்து கொடுப்பார்கள்.

கேள்வி: சுற்றுப்போட்டிக்கு மைதானத்தைத் தகரத்தால் அடைத்து டிக்கெட் போட இருக்கிறோம். 3,000 பேர் வருவார்கள். கவனிக்க வேண்டியது என்ன? (அக்கரைப்பற்று, விளையாட்டுக் கழகம் ஒன்று)

பதில்: காற்றும் வாசலும். ஆறடித் தகர வேலியில் தூண்கள் 2 மீற்றர் இடைவெளியில் நின்றால், மணிக்கு 54 கிலோமீற்றர் வேகக் காற்று ஒவ்வொரு தூணையும் ஏறத்தாழ 60 கிலோ கனத்தோடு தள்ளும். காற்று இரட்டித்தால் கனம் நான்கு மடங்கு. கச்சான் வீசும் மாதங்களில் இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், 6 அடி வெளியே என்றால் 3 அடி உள்ளே. மணல் தரையில் அதுவும் குறைவு, வெளிப்பக்கம் முட்டுக்கால் கொடுங்கள். எம்மைக் கேட்டால் தகரத்தை விட்டுவிட்டுப் பச்சை வலை கட்டச் சொல்வோம். பார்வை மறையும், காற்று போகும், விழுந்தாலும் ஆளை வெட்டாது.

மட்டமான தரையில் ஒரு மீற்றர் அகல வாசலால் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்பது பிரித்தானிய அரங்குப் பாதுகாப்புக் கையேட்டின் கணக்கு. எட்டு நிமிடத்தில் 3,000 பேர் போக வேண்டுமானால் மொத்தம் 4.6 மீற்றர் வாசல் வேண்டும். ஒரு வாசல் அடைபட்டாலும் மற்றவை போதும்படி, வெவ்வேறு பக்கங்களில் இரண்டரை மீற்றரில் மூன்று வையுங்கள். ஓசிக்காரர் வருகிறார்கள் என்று ஆட்டம் நடக்கும்போது எந்த வாசலுக்கும் பூட்டுப் போடாதீர்கள். உள்ளே விடும்போது ஒரு வழியால் மணிக்கு 660 பேருக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே ஒரு மணித்தியாலத்தில் எல்லோரும் உள்ளே வர ஐந்து வரிசை வேண்டும். டிக்கெட் விற்கும் மேசையையும் கிழிக்கும் ஆளையும் ஒரே இடத்தில் வைத்தால் வரிசை றோட்டுக்குப் போய்விடும்.

மரத்தால் படி மேடை கட்டப் போகிறீர்களா? 1894இல் பொஸ்டனின் சவுத் எண்ட் கிரவுண்ட்ஸில் வாங்குகளுக்கு அடியில் கிடந்த குப்பையில் பிடித்த தீ, அயலில் 100க்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தது. 1903இல் ஃபிலடெல்ஃபியாவில், வெளியே தெருவில் என்ன சத்தம் என்று பார்க்கக் கூட்டம் ஒரே பக்கமாக ஓட, உக்கிப்போன மரத்தில் நின்ற மேல்தளம் விழுந்து 12 பேர் இறந்தார்கள். ஆகவே மேடைக்கு அடியில் ஒன்றும் போட்டுவைக்காதீர்கள், பழைய மரம் வாங்காதீர்கள். முடிந்தால் மேடையே வேண்டாம், மண் அணை போதும்.

கேள்வி: வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த பாதிரியார் அமெரிக்கர்தானே. பிறகேன் மட்டக்களப்பில் பேஸ்போல் வேரூன்றவில்லை? (மட்டக்களப்பு நகர வாசகர்)

பதில்: அருட்தந்தை ஹரல்ட் வெபர் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்தவர், புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவர். அந்தச் சபையினர் இங்கே வளர்த்த அமெரிக்க விளையாட்டு கூடைப்பந்து. எமது அபிப்பிராயம், அதற்கு 28க்கு 15 மீற்றர் தளமும் ஒரு பந்தும் போதும். பேஸ்போலுக்கு ஒன்பது கையுறை, பிடிப்பாளருக்கு முகமூடியும் மார்புக் கவசமும், இரண்டு மூன்று ஏக்கர் வெளி. அந்த வெளியைக் கிரிக்கெட்டும் உதைபந்தும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தன.

கேள்வி: எல்லேயும் பேஸ்போலும் ஒன்றுதானே? (ஆரையம்பதி மாணவி)

பதில்: எமது நாட்டு மட்டை–பந்து விளையாட்டான எல்லேக்கும் பேஸ்போலுக்கும் உறவு உண்டு, ஒன்றல்ல. எல்லேயில் பந்து போடுபவர் அடிப்பவரின் சொந்த அணி ஆள், பேஸ்போலில் எதிரணி. எல்லேயில் ஓடுபவரைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். அமெரிக்காவில் முன்பு ஆடிய பழைய வகைகளிலும் அந்த எறி இருந்தது. நியூயோர்க் நிக்கர்பொக்கர் கழகம் 1845இல் எழுதிய விதிகளில்தான் அதைத் தடுத்தார்கள். எறி நின்ற பிறகு கெட்டியான பந்து பாவிக்கப் பயமில்லாமல் போயிற்று, கெட்டிப் பந்து தூரம் போயிற்று. எல்லேயில் இன்னும் எறி உண்டு. ஆகவே மென்பந்தை மாற்ற வேண்டாம்.